செவ்வாய்க்கிழமை காட்டாத டேப்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளசன்டனில் என் மகளின் சிநேகிதி வீட்டில் மதியச் சாப்பாடு. பெண்கள் சமையலறை மேடையைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் காகிதத் தட்டில் சாம்பார் சாதமும் அப்பளமும் வாங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். பாஸ்கெட்பால் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றுக்கொண்டிருந்த அணியில் பாதிப் பேருக்கு மேல் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கைத் தாண்டியவர்கள். அந்த ஆட்டத்தில் அது தாத்தா வயது.

"எல்லாரையும் டிரேட் பண்ணிட்டு ஃப்ரெஷ்ஷா ரீபில்ட் பண்ணணும்பா. இவங்களை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் ஓட்டறது?" என்றார் சாஃப்ட்வேரில் இருக்கும் ஒரு தம்பி.

"அப்ப எக்ஸ்பீரியன்ஸுக்கு மதிப்பே இல்லையா?" என்று இன்னொருவர் பாய்ந்தார்.

மாப்பிள்ளை என் பக்கம் கையைக் காட்டினார். "நீங்க எதுக்கு அடிச்சுக்கறீங்க? மாமா டெக்சாஸ்ல ஒரு டீம்லயே பத்து வருஷம் வேலை பாத்திருக்காரு. அவரைக் கேளுங்க."

"நிஜமாவா அங்கிள்? சொல்லுங்க. பழைய ஆளுங்களை வித்துடலாமா, வெச்சுக்கலாமா?"

"வித்துடணும்," என்றேன்.

"பாத்தீங்களா?" என்று அந்தத் தம்பி வெற்றியோடு அப்பளத்தை நொறுக்கினார். அதற்குமேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதியைச் சொல்ல ஒரு தட்டுச் சாப்பாட்டு நேரம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பாஸ்கெட்பால் ஆடியவன் இல்லை. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். சென்னையில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் எடிட்டராக இருந்தேன். என் மனைவி விஜயா நர்ஸ். அவளுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது, அவள் பின்னால் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்த புதிதில் உள்ளூர்ச் சேனல் ஒன்றில் டேப்புகளை அலமாரியில் அடுக்கும் வேலை. அங்கே பழக்கமான ஒருவர் சிபாரிசு செய்ய, தொண்ணூறில் அந்த ஊர்ப் பாஸ்கெட்பால் அணியில் சேர்ந்தேன். அணியின் பெயர் வேண்டாம். நடராஜன் என்ற என் பெயரை முதல் வாரமே நேட் ஆக்கிவிட்டார்கள். வீடியோ வேலை என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். மச்சான் அமெரிக்காவில் வீடியோ கடை வைத்திருக்கிறார் என்று கரூர் முழுக்கச் சொல்லிவிட்டார் என் மைத்துனர்.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆறு வி.சி.ஆர்., நான்கு டிவி, கூரை வரை டேப்புகள். நாடு முழுக்க நடக்கும் ஆட்டங்களை மொட்டைமாடியில் இருந்த டிஷ் வழியாகப் பிடித்து டேப்பில் ஏற்றுவேன். எங்கள் அரங்கத்தில் நடப்பதை என் கேமராவிலேயே பிடிப்பேன். பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாகப் பிரித்துத் தாளில் எழுதுவேன்: பந்து யார் கையில், என்ன செய்தான், என்ன ஆயிற்று, டேப்பில் எந்த இடத்தில் இருக்கிறது. கோச் வந்து, அடுத்த வாரம் மோதப்போகும் அணி கடைசி நிமிடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டால், தாளைப் பார்த்து, ஒரு மிஷினில் ஓட்டி, இன்னொன்றில் பதிந்து, பத்து நிமிட டேப் வெட்டிக் கொடுக்க வேண்டும். விரலில் காய்ப்புக் காய்க்கும் வேலை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்றால் மிஸ்டர் குவின்லன். யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவு செய்யும் மேனேஜர் அவர். காலை ஏழு நாற்பதுக்கு வருவார். ஏழு நாற்பத்தொன்றுக்கு வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து உட்காருவார். முதலில் சத்தத்தை நிறுத்தச் சொல்வார். வர்ணனையாளர்கள் பேசப் பேசக் கண் அவர்கள் சொல்வதைத்தான் பார்க்கும் என்பது அவர் கட்சி. பந்தைப் பார்க்கவே மாட்டார். பந்தில்லாத ஒன்பது பேரைப் பார்ப்பார். ஒரு விரலைச் சுழற்றினால் மறுபடி ஓட்ட வேண்டும் என்று அர்த்தம். ஒரே நிகழ்வை ஒன்பது தடவை ஓட்டியிருக்கிறேன். நன்றாக இருக்கிறது, மோசம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது.

சேர்ந்த புதிதில் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, "ரொம்பக் களைச்சுட்டான் சார்," என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பவே இல்லை. "நான் டேப்தான் கேட்டேன், நேட். பாத்ததை வெட்டு. நினைக்கறதை வெட்டாதே." அவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். என் ஞாபகத்தில் தமிழில்தான் இருக்கிறது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நான் சேர்ந்த மூன்றாவது வருடம், பழைய ஆட்டக்காரர் ஒருவரை வேறு ஊருக்குத் தள்ளிவிடப் பேச்சு நடந்தது. அவர் அதற்குள் தானே வந்து, "இந்த சீசனோட நிறுத்திக்கறேன்," என்று குவின்லனிடம் சொன்னார். அன்றே குவின்லன் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசி ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, அந்த மனிதர் எங்கள் ஊர் அணிச் சட்டையோடு அழுதுகொண்டே வெளியே போனார். "வந்து சொன்னவனை நான் விக்கறதில்லை," என்றார் குவின்லன். அது அணியில் எல்லாருக்கும் தெரியும்.

டெல்பர்ட்டுக்கும் தெரியும்.

டெல்பர்ட் எங்கள் அணியில் எட்டு வருடம் ஆடியவன். என்னைவிடப் பதினான்கு வயது சிறியவன். ஆறடி எட்டு அங்குலம். அவன் நட்சத்திரம் இல்லை. எதிரணியின் நட்சத்திரத்தைக் கூடை போடவிடாமல் செய்வதுதான் அவன் வேலை. பேப்பரில் அவன் படம் வராது. அவன் யாரைத் தடுத்தானோ அவர்கள் படமும் அடுத்த நாள் வராது.

செவ்வாய்க்கிழமை தவறாமல் என் அறைக்கு வருவான். காலையில் முழங்கால்களுக்குச் சிகிச்சை முடிந்ததும், இரண்டிலும் ஐஸ் பையை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு, யானை நடப்பதுபோல மெதுவாக வந்து, டேப் பெட்டியின்மேல் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொள்வான். அடுத்து மோதப்போகிறவனின் டேப்பைப் போடச் சொல்வான். வேறு எந்த ஆட்டக்காரனும் அந்த அறைக்கு வந்ததில்லை. "இவன் இடது பக்கம் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு இழுக்கறான் பாரு," என்பான். நான் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாலும் எனக்கு அந்த மூச்சுத் தெரியாது. தரையில் ஐஸ் உருகி ஓடும். அவன் போனபிறகு நான் துடைப்பேன். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

ஒருதடவை என் கார் மெக்கானிக்கிடம் இருந்தபோது அவன்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டான். உள்ளே கூப்பிட்டேன். விஜயா கதவைத் திறந்தவள், அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்க, மொதல்ல அந்த ஃபேனை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினாள். அன்றைக்கு ஏழு தோசை சாப்பிட்டான். அவன் மகள் பெயர் ஷீலா என்று தெரிந்ததும் விஜயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஊர்ப் பேருங்க!" என்று எங்கள் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் ஷீலா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அணிக்கு வயதாகிவிட்டது. ஐந்து பேரில் நான்கு பேர் முப்பத்து மூன்றைத் தாண்டியவர்கள். ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம். கடைசிச் சுற்றுக்கு மட்டும் போக முடியவில்லை. ஊரில் எல்லாரும் இதைத்தான் பேசினார்கள்: இவர்களை வைத்து இன்னொரு தடவை முயற்சி செய்வதா, விலை இருக்கும்போதே கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்குவதா? ஆட்களை மாற்றிக்கொள்வதற்குக் குளிர்காலத்தில் ஒரு கெடு உண்டு. அந்த வருடம் கெடு ஒரு வியாழக்கிழமை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் குவின்லன் என் அறைக் கதவில் நின்றார்.

"டெல்பர்ட். இருபது நிமிஷம். புதன்கிழமை ஓனர் வரார். அவன் செய்யறது வேணாம். அவன் செய்யாம விடறது எனக்கு வேணும்."

"எப்ப தரணும் சார்?"

"திங்கட்கிழமை."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்தக் கூட்டமாக இருந்தாலும் அன்று காலையில்தான் டேப்பைக் கேட்பார். ஆனால் ஏன் என்று அவரிடம் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

செய்ததை வெட்டலாம். செய்யாததை எப்படி வெட்டுவது? இரண்டு நாள் முழித்தேன். பிறகு படங்களை எண்ண ஆரம்பித்தேன். டேப்பில் ஒரு நொடிக்கு முப்பது படம். எங்கள் ஆள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்ததிலிருந்து, டெல்பர்ட் தடுப்பதற்காகத் திரும்பி ஓடி நடுக்கோட்டைத் தாண்டும் வரை எத்தனை படம்? இந்த வருடத்து ஆட்டங்களில் எண்ணினேன். மூன்று வருடம் முந்தைய டேப்புகளிலும் எண்ணினேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அப்பாடா, கால் அப்படியேதான் இருக்கிறது என்று ஒரு காபி குடித்தேன்.

காபியைக் குடித்து முடிப்பதற்குள் மனம் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதில் எப்படி அப்படியே இருக்கும்? மறுபடி போட்டேன். இந்தமுறை குவின்லன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பந்து வளையத்தில் பட்ட அந்த ஒரே படத்தில் நிறுத்தி, டெல்பர்ட்டின் பாதங்களை மட்டும் பார்த்தேன். பழைய டேப்பில் அவன் வளையத்துக்கடியில் இருந்தான். தெறிக்கும் பந்தைப் பிடிக்கக் குதித்துக்கொண்டிருந்தான். குதித்து, இறங்கி, அப்புறம் திரும்பி ஓடினான். புதிய டேப்பில் பந்து வளையத்தில் படும்போதே அவன் பாதங்கள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. குதிப்பதை விட்டுவிட்டான். முன்கூட்டியே கிளம்பினான். அதனால்தான் சரியான நேரத்துக்கு வந்துசேர்ந்தான். கால் செய்ய வேண்டியதை மூளை செய்துகொண்டிருந்தது. அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

பழையது ஒன்று, புதியது ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருந்தால், இரண்டாம் நாள் எதிராளியிடமிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறான். அதையும் சேர்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல டேப் நான் வெட்டியதில்லை. வெட்டி முடித்து அதன்மேல் டெல்பர்ட் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்குக் குவின்லன் வந்து ஒரே ஒருதடவை பார்த்தார். விரலைச் சுழற்றவில்லை. வழக்கமாக டேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். அன்று, "இங்கேயே இருக்கட்டும். புதன்கிழமை எடுத்துக்கறேன்," என்று மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை டெல்பர்ட் வந்தான். ஐஸ் பை, பிளாஸ்டிக் தாள், டேப் பெட்டிமேல் கால். ஆனால் எந்த டேப்பும் போடச் சொல்லவில்லை.

"நேட், உன்னை ஒண்ணு கேக்கணும். கோச் உண்மையைச் சொல்ல மாட்டார், நான் இன்னும் ஆடணும் அவருக்கு. ஏஜென்ட் சொல்ல மாட்டான். டாக்டர் முட்டியைப் பத்திச் சொல்வார், ஆட்டத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? வலியை வெச்சு நானும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. வலி பதினஞ்சு வருஷமா இருக்கு. நீ எல்லா டேப்பையும் பாக்கறே. நான் முடிஞ்சுட்டேனா?"

நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான். "முடிஞ்சுட்டேன்னா சொல்லிடு. இப்பவே மாடிக்குப் போய்க் கிழவர் குவின்லன்கிட்ட நானே நிறுத்திக்கறேன்னு சொல்லிடறேன். ஷீலாவுக்கு இது ஸ்கூல்ல கடைசி வருஷம். அவ கண் முன்னாடி, இந்த ஊர்லயே முடிச்சுக்கறேன். இன்னொரு ஊர்ச் சட்டை எனக்கு வேணாம். ஆனா இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னா, அதை நானே ஏன் தூக்கிப் போடணும்?"

டேப் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் இருந்தது. அவன் பெயர்கூட அதில் எழுதியிருந்தது. அவன் பக்கம் அந்த எழுத்து தலைகீழாக இருந்தது.

"சே, ஒண்ணும் இல்லப்பா. நீ நல்லாதான் இருக்கே," என்றேன்.

ஏன் சொன்னேன்? அலுவலக ரகசியம் என்று பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது கதை. ரகசியம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டிருப்பான். எதிராளி மூச்சு இழுப்பதைக் கண்டுபிடிக்கிறவன் ஆயிற்றே. நான் வளர்ந்த விதம் அது. என் அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தபோது அல்சர் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னோம். ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தவன் நான்தான். கடைசிவரை அவருக்குத் தெரியாது என்பதை ஏதோ சாதனை மாதிரி உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம். வேண்டியவர்களிடம் கெட்ட செய்தியை நேராகச் சொல்லக்கூடாது. சிரித்த முகத்தோடு ஒண்ணும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பாசம். நாற்பத்தொன்பது வயது வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெல்பர்ட் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். நாற்காலியோடு ஓர் அடி நகர்ந்தேன்.

சாயங்காலம் விஜயாவிடம் சொன்னேன். அவள் அப்போது ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டாள்.

"பச்சைப் பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"மனசு வரல விஜி."

"எங்க வார்டுல டாக்டர் பேஷண்ட்டோட கையைப் புடிச்சுக்கிட்டு நேரா அவங்ககிட்டயே சொல்றாரு. பக்கத்துல நான் நிக்கறேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா? சொன்னாதானேங்க, மிச்சம் இருக்கற நாளுக்கு என்ன பண்றதுன்னு அவங்க முடிவு பண்ண முடியும்? நீங்க ஒரு முட்டியைப் பத்திச் சொல்றதுக்கு இந்தப் பாடு படறீங்க." ஷூவைக் கழற்றிவிட்டு, "நாளைக்குக் காலைல மொத வேலையா போய்ச் சொல்லிடுங்க," என்றாள்.

புதன்கிழமை சீக்கிரமே போனேன். பயிற்சி அரங்கக் கதவைத் திறந்தபோது டெல்பர்ட் நடுவில் நின்றுகொண்டு இளைஞர்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். "இன்னும் ரெண்டு வருஷம்டா! என் இடத்துக்கு யாரும் கனவு காணாதீங்க. நேட் எல்லா டேப்பையும் பாத்துட்டுச் சொல்லிட்டான்!" என்று என்னைக் காட்டினான். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் காபியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். பயிற்சி முடிந்ததும் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்குக் கூட்டம்.

ஓனரும் கோச்சும் குவின்லனும் இருபது நிமிட டேப்பையும் பார்த்தார்கள். ஓனருக்குப் புரியவில்லை. "எங்கேயும் அவன் தப்பே பண்ணலையே?" என்றார். "பண்ணல. வேலையைக் குறைச்சுக்கிட்டான்," என்றார் குவின்லன். பிறகு ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, பாதங்களைக் காட்டினார். ஓனர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வடக்கே பனி கொட்டும் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கு போன் போடச் சொன்னார். டெல்பர்ட் போனால் மற்ற மூவரும் போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஓர் அணியைக் கலைப்பது அவ்வளவுதான்.

எல்லாரும் போனபிறகு நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். குவின்லன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து செவ்வாய்க்கிழமை. டெல்பர்ட் உன் ரூமுக்கு வரலையா?"

"வந்தான் சார்."

"ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டான்."

"நீ காட்டலையா?"

கையிலிருந்த வயரைக் கீழே வைத்தேன். அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"டேப்பை நான் ஏன் திங்கட்கிழமையே கேட்டேன்னு நினைச்சே? ஏன் உன் மேஜையிலேயே விட்டுட்டுப் போனேன்? நானா அவனைக் கூப்பிட்டுச் சொன்னா, போடான்னு தள்ளற மாதிரி இருக்கும். உன் ரூம்ல அவனே பாத்துட்டு மேல வருவான்னு நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்திருந்தேன்."

"இப்ப போய்ச் சொல்லட்டுமா சார்?"

"ஓனர் பாத்தாச்சு. போன் போயாச்சு." எழுந்து நாற்காலியை நேராகப் போட்டார். அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் டெல்பர்ட் தோளில் பையோடு என் அறைக்கு வந்தான். செய்தி அதற்குள் ரேடியோவில் வந்துவிட்டது. உட்காரவில்லை.

"ஒரு டேப் இருக்காமே. போடு."

போட்டேன். இருபது நிமிடமும் நின்றபடியே பார்த்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய டெல்பர்ட் குதித்தான். இப்போதைய டெல்பர்ட் திரும்பினான். மறுபடி அவன் குதித்தான், இவன் திரும்பினான். பாதியில் ஒருதடவை, "ஆமா," என்று மெல்லச் சொன்னான். தன் உடம்பு என்ன செய்கிறது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். டேப் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வந்தது.

"நல்ல வேலை நேட்," என்றான். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னான். பிறகு, "செவ்வாய்க்கிழமை நான் வந்தப்போ இது ரெடியா இருந்துச்சா?"

"இருந்தது."

"எங்கே?"

மேஜையைக் காட்டினேன். அவன் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். கை கொடுத்தான். என் கை அவன் உள்ளங்கைக்குள் காணாமல் போயிற்று. கதவுக்குத் தலையைக் குனிந்து வெளியே போனான். அவனை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

அணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரீபில்ட் செய்தோம். மூன்று வருடம் தோற்றோம், அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலி. பிறகு அந்த இளைஞர்களே தேறி ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அதைப் பார்க்கக் குவின்லன் அங்கே இல்லை. இரண்டாம் வருடமே அவரை அனுப்பிவிட்டார்கள். டேப்பெல்லாம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நான் ஆறு மாதம் கற்றுக்கொண்டு, போதும் என்று இந்த வருடம் ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஆக, விற்றது சரிதான். பிளசன்டன் தம்பிக்கு நான் சொன்னதில் தப்பில்லை. டேப்பிலும் தப்பில்லை. இப்போது மகள் வீட்டு மாடியறையில் எனக்குப் பெரிய ஜன்னல் இருக்கிறது. மலை தெரிகிறது. எனக்கு அந்த ஜன்னலில்லாத அறைதான் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் தாழ்வாரத்தில் அந்த யானை நடை கேட்க வேண்டும். தரையில் உருகிய தண்ணீரைத் துடைக்க வேண்டும். இதை விஜயாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

டெல்பர்ட் அந்தப் பனி ஊரில் ஒரு மாதம்கூட ஆடவில்லை. முழங்கால் விட்டுவிட்டது. அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியாத கூட்டத்தின் நடுவில் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். டிஷ் வழியாக அதைப் பதிந்தது நான்தான். அத்தோடு அவன் ஆட்டம் முடிந்தது. ஆபரேஷன், படுக்கை. மனைவி அவனோடு இருந்தாள். ஷீலா பள்ளியை முடிப்பதற்காக எங்கள் ஊரிலேயே சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

அதே வருடம் ஏப்ரலில் எங்கள் ஊரில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, என் அறை போன் அடித்தது.

"நேட், டெல்பர்ட் பேசறேன். நேத்து ஷீலா மேட்சுக்குப் போயிருந்தாளாம். எப்படிம்மா இருக்கேன்னு கேட்டா, ஐம் ஃபைன் டாடிங்கறா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. குடும்பத்துக்காரங்க உக்கார்ற இடம் உன் கேமராவுல ஓரமா தெரியுமே. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

டேப்பைப் போட்டேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேடினேன். வளையத்துக்குப் பின்னால், மூன்றாவது வரிசை. அவன் விளையாடிய காலத்தில் அவளும் அவள் அம்மாவும் உட்காரும் அதே இடம். சின்னதாகத்தான் தெரிந்தாள். ஆனால் எனக்குச் சின்னதைப் பார்த்துப் பழக்கம். ஒன்பது தடவை ஓட்டினேன். அவன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இல்லை டெல்பர்ட்," என்றேன். "தனியா வந்திருக்கா. ஆட்டக்காரங்க பேரைப் படிக்கும்போது எல்லாரும் எழுந்து நிக்கறாங்க, அவ நிக்கல. ஆட்டத்தைப் பாக்கவே இல்லை. நீங்கள்லாம் வெளியே வர்ற அந்த வாசலையே பாத்துக்கிட்டிருக்கா. ரெண்டாவது குவார்ட்டர்ல மூஞ்சியை மூடிக்கிட்டு அழறா. இடைவேளைல எழுந்து போனவ திரும்பி வரல."

டேப்பை நிறுத்தினேன்.

"தேங்க்ஸ் நேட். இப்பவே அவளைக் கூப்பிடறேன்," என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"அன்னிக்கும் நான் இப்படித்தான் கேட்டேன்," என்றான்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.